வாலில் இருந்தவர்

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். ஒஸ்லோவின் தென்கிழக்கில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். மற்றவர்களை முன்பக்கம் பார்க்க இருத்தி, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவது வழக்கம். இவர் மட்டும் வந்த வழியைப் பார்த்தபடி, முதுகுப்பக்கமாகத்தான் போவார். நான் ஒரு கையைப் பின்னுக்கு நீட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வண்டில் மாடு மாதிரி முன்னால் நடப்பேன். எனக்குத் தோள் நோகும். அதைச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

"முன்னாலை வாறதைப் பாக்க நீ இருக்கிறாய். பின்னாலை என்ன நடக்குதெண்டு பாக்க ஆராவது வேணுமே?" என்பார்.

அவர் கதைத்தது நோர்வேஜிய மொழி. அது என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். இந்த நாட்டில் ஆளுக்கு ஆள் எல்லாரும் "நீ"தான். ஆனால் தொண்ணூறு வயது மனிதரை மனசுக்குள் நீ என்று கூப்பிட எனக்கு வரவில்லை. பிடிக்காத காலத்திலும் அவர் எனக்கு "நீங்கள்"தான். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களைப் பற்றி வெளியில் வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்து வேலைக்குச் சேர்ந்தவள் நான். பெயரை விட்டுவிட்டு ஆளைச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இல்லத்துக்கு வருவதற்கு முதலே அவரை எனக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் ஒரு நெடிய கிழவர் வருவார். பெட்டியில் ஏறியதும், பின்னோக்கிப் போகும் இருக்கையில் யாராவது இருந்தால் அவர்களிடம் போய் எதிர் இருக்கையைக் காட்டி, "இடம் மாறுவமோ?" என்று கேட்பார். ரயில் போகும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி இருந்தால் பலருக்குத் தலைசுற்றும். ஆகவே எல்லாருக்கும் சந்தோஷம். ஒருநாள் மடியில் பிள்ளையோடு இருந்த எனக்கும் அப்படி இடம் மாற்றித் தந்தார். "என்ன தங்கமான மனுசன்" என்று வீட்டில் வந்து சொன்னேன். அவருக்குத் தேவையான இடத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார் என்று அன்று எனக்கு எப்படித் தெரியும்?

பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். சாப்பாட்டு மேசையில் சுவரோரமாக, உள்ளே வந்த வாசலைப் பார்த்து இருப்பார். லிஃப்டுக்குள் எல்லாரையும் முகம் சுவரில் முட்ட முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவோம். சரியான முறை முதுகுப்பக்கமாக இழுப்பதுதான் என்று உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் சொன்னாள். அந்தக் கட்டடத்திலேயே சட்டப்படி லிஃப்டில் ஏறியவர் அவர் ஒருவர்தான்.

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். ஒருமுறை கண்புரை வெட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியோடு ஏற்றும் வாகனம் வந்தது. நாற்காலியைப் பூட்டும் கொக்கிகள் முன்பக்கம் பார்க்க மட்டுமே பூட்டும். சாரதி ஒரு சோமாலியப் பையன், பொறுமைசாலி.

"ஐயா, பதினைஞ்சு நிமிசம்தான். முன்னாலை பாத்தா ஒண்டும் குறைஞ்சு போகாது" என்றான்.

"நீ பின்னாலை பாத்துக்கொண்டு ஓட்டுவியோ?"

"அதெப்பிடி ஏலும்?"

"எனக்கும் அப்பிடித்தான்."

போகவில்லை. அடுத்த தவணை ஒரு வருடத்துக்குப் பிறகுதான் என்றார்கள். அதற்குள் கண் இரண்டும் புகை மூடிவிட்டது. கை நடுக்கம் ஏற்கெனவே இருந்தது. இனி எழுதவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. எனக்கு இரக்கம் வரவில்லை. வேணும், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அதற்கு முதலே நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்.

படம் அவருடைய கட்டிலுக்கு மேலே தொங்கியது. ஒரு பெரிய பிளேனின் கீழே ஏழு பெடியன்கள் தோளில் தோள் போட்டு நிற்கிறார்கள். கடைசியில் நிற்கிற ஒல்லிப் பெடியன் இவர். நான் வேலைக்கு வந்த முதல் மாதம், அவருக்கு முதுகு கழுவிக்கொண்டே, "உதென்ன பிளேன்?" என்று சும்மா கேட்டேன். அவர் சொன்ன நோர்வேஜியச் சொல் என் காதில் விழுந்து "பொம்மர்" ஆகிவிட்டது. எங்கள் ஊரில் குண்டு போட வரும் பிளேனுக்கு அதுதான் பெயர். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பிளேனைக் கண்டால் கை காட்டுவார்கள். நாங்கள் "பொம்மர் வருது" என்று கத்திக்கொண்டு பங்கருக்குள், அதுதான் பதுங்கு குழிக்குள், பாய்ந்தோம். என் கையிலிருந்த சவர்க்காரத் துணி அப்படியே நின்றது.

இந்த நாட்டை ஜெர்மன்காரர் பிடித்த காலத்தில் அவருக்கு இருபது வயதுகூட இல்லை. மீன்பிடிப் படகில் கள்ளமாய்க் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு ஓடி, அங்கே ஆங்கிலேயரின் குண்டுவீச்சு விமானத்தில் சேர்ந்தார். வாலில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், நாலு துப்பாக்கியோடு பின்பக்கம் பார்த்து இருப்பது அவருடைய வேலை. முன்னால் ஆறு பேர் இருப்பார்கள். இவர் மட்டும் தனியே, குளிரில், போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்று மத்தியானமே பொறுப்பாளரிடம் போய், என்னை அந்த அறையிலிருந்து மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. பிறகு சமையலறையில் மலரக்காவிடம் கொட்டினேன். மலரக்கா சாவகச்சேரி, எனக்குப் பத்து வயது மூத்தவர், என்னை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

"அக்கா, உந்தக் கிழவன் பொம்மர்க்காரன்."

"அடி விசரி, அந்தாள் ஜெர்மன்காரனுக்குப் போட்டது. உன்ரை வீட்டுக்கோ போட்டது?"

"ஆருக்குப் போட்டா என்ன, மேலை இருந்து போட்டதுதானே?"

மலரக்கா அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினார். அவருக்கு என் வீட்டுக் கதை தெரியும். பிறகு, "அப்ப அந்தக் கடைசித் தொங்கல் அறைக் கிழவியை நீ எடு. அவ கடிக்கிறவ. உனக்கு எது வசதி?" என்றார்.

நான் பொம்மர்க்காரரோடேயே இருந்துவிட்டேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. கழுவினேன், உடுப்பு மாற்றினேன், இழுத்துக்கொண்டு திரிந்தேன். சிரிப்பு மட்டும் கிடையாது. மே மாதம் விடுதலை நாள் வந்தால் அவருடைய மேசையில் சின்னக் கொடி வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். நான் அந்த நேரம் பார்த்துத் தட்டுகளைக் கழுவப் போய்விடுவேன். அவர் கைதட்டலைக் காதில் வாங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

அந்த நாட்களில்தான் நடைவழியில் இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு வழக்கத்தைத் தொடக்கினார்.

"நீ கேக்கோணும்" என்றார்.

"என்ன கேக்கிறது?"

"பின்னாலை ஆரும் வருகினமோ எண்டு. பிளேனிலை கப்டன் ஒவ்வொரு பத்து நிமிசத்துக்கும் கேப்பார். கேக்காட்டி வாலிலை இருக்கிறவன் குளிரிலை விறைச்சுச் செத்திட்டானோ, இருக்கிறானோ எண்டு எப்பிடித் தெரியும்?"

செத்துக் கித்துப் போனால் அறிக்கை எழுத வேண்டியவள் நான் என்பதால், கேட்டு வைத்தேன். "பின்னாலை ஆரும் வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

பட்டென்று வந்தது பதில். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் நான் கேட்டு முடிக்குமுன்பே அவர் "ஒருத்தரும் இல்லை" என்பார். மருந்து வண்டியோடு தாதி வந்துகொண்டிருந்தாலும் ஒருத்தரும் இல்லைதான். ஒருமுறை மலரக்கா சூப்புப் பானையோடு எங்கள் பின்னாலேயே வந்து, "என்ன கோதாரி, நான் ஆளாத் தெரியேல்லையோ?" என்று கத்தினார்.

அந்த ஜூன் மாதம் நடந்ததை எழுத வேண்டும். கோடைக்கால நடுநாளில் கடற்கரையில் பெரிய விறகுக் குவியலைக் கொளுத்துவது இங்கத்தைய வழக்கம். வெயில் எறிக்கும் பின்னேரத்தில் இல்லத்து ஆட்களை அழைத்துக்கொண்டு போனோம். எல்லாரும் நெருப்பைப் பார்த்து வரிசையாக இருந்தார்கள். இவர் தன் நாற்காலியை நெருப்புக்கு முதுகைக் காட்டித் திருப்பச் சொன்னார். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, பாவம், கிழவர் தவறவிடுகிறாரே என்று நாற்காலியைச் சுற்றி நெருப்பைக் காட்டிவிட்டாள். அவர் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றது. அந்தப் பிள்ளை அழுதாள். "இந்தாளுக்கு எல்லாம் தலைகீழ்" என்று நான் திட்டிக்கொண்டே அவரை இழுத்துக்கொண்டு திரும்பினேன். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் கேட்டதற்கு அன்று பதிலும் இல்லை.

ஐப்பசி மாதம் ஒருநாள், பின்னேரக் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது என்னை இருக்கச் சொன்னார். மேசை லாச்சியிலிருந்து ஒரு கட்டு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வாழ்த்து அட்டைகளை எடுக்கச் சொன்னார். எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை, படத்தில் நடுவில் நிற்கிற கப்டனிடமிருந்து. மற்ற ஐந்து பேரும் செத்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் வருடத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டு வரி: நான் சுகம், உன் சுகம் அறிய விரும்புகிறேன். எழுபது வருடத்துக்குக் கிட்ட இவ்வளவுதான் கதைத்திருக்கிறார்கள். கடைசி அட்டையைக் கப்டனின் மகள் எழுதியிருந்தாள். அப்பா இப்போது கட்டிலோடுதான், ஆனால் நினைவு தெளிவு என்று.

"இந்த முறை இரண்டு வரி காணாது" என்றார். "நான் அவருக்கு ஒரு பொய் சொன்னனான். அவர் போறதுக்கிடையிலை சொல்லோணும். நீ எழுதித் தா."

"உங்கடை மகளைக் கேளுங்கோ."

"அவள் என்னை வீரன் எண்டு நினைக்கிறாள்."

"இஞ்சை இருக்கிற தாதிமாரைக் கேளுங்கோ."

"அவையும்தான். நீ ஒருத்திதான் என்னைப் பாத்து முகத்தைச் சுளிக்கிறாய். உனக்குச் சொன்னா ஒண்டும் உடையாது."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். ஒரு துறைமுக நகரத்துக்குக் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் எஞ்சின் செத்துப்போனது. மற்ற பிளேன்கள் முன்னே போய்விட, இவர்கள் மட்டும் கடலுக்கு மேலே ஊர்ந்துகொண்டு வந்தார்கள். விடிந்துவிட்டது. மேல் கூண்டில் இருந்தவனுக்குக் காயம். மற்றவர்கள் அவனோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்னால் ஒரு ஜெர்மன் சண்டைப் பிளேன் வந்தது. ஒற்றை ஆள்.

"என்ரை நாலு துப்பாக்கியிலும் ரவை இருந்தது. அவனை நேரை பிடிச்சு வைச்சிருந்தன். அவனும் என்னை நேரை பிடிச்சு வைச்சிருந்தான். கிட்ட, இன்னும் கிட்ட வந்தான். முகம் தெரிஞ்சுது. கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டிருந்தான். என்ரை வயசுதான் இருக்கும்."

"பிறகு?"

"கையுறையாலை மூக்கைத் துடைச்சான். இரண்டு தரம். அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது." அவர் தன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக் காட்டினார். "தடிமன் பிடிச்ச ஒருத்தனை எப்பிடிச் சுடுறது, சொல்லு?"

அவன் சுடவில்லை. இவரும் சுடவில்லை. பத்து நிமிடம் அப்படியே வந்தார்கள். கப்டன் வழக்கம்போலக் கேட்டார்: பின்னால் ஆரும் வருகிறார்களா? ஒருவரும் இல்லை என்றார் இவர். கப்டன் இன்னொரு தரம் கேட்டார். ஒருவரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் கப்டன் பிளேனைச் சரித்திருப்பார், இவர் சுட்டேயாக வேண்டியிருந்திருக்கும். கடைசியில் அந்த ஜெர்மன்காரன் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கீழே சரிந்து மறைந்து போனான்.

"அது நல்ல காரியம்தானே? ஏன் பொய் பொய் எண்டு வருத்தப்படுறியள்?"

"அவன் விரலை மடக்கியிருந்தா ஏழு பேர் போயிருப்பம். என்ரை உயிரை வைச்சு நான் விளையாடலாம். என்னை நம்பி முன்னாலை பாத்துக்கொண்டு இருந்த ஆறு பேரின்ரை உயிரை வைச்சு விளையாட ஆர் எனக்கு உரிமை தந்தது? கப்டனுக்கு இது தெரிஞ்சா என்ன சொல்லுவார் எண்டு நான் நினைக்காத நாள் இல்லை."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு எழுத ஒத்துக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"என்ரை தம்பிக்கும் அண்டைக்குத் தடிமன்" என்றேன்.

அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

தம்பிக்குப் பன்னிரண்டு வயது. தடிமன் என்று அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பொம்மர் சத்தம் கேட்டதும் நாங்கள் பங்கருக்குள் ஓடினோம். அவன் எத்தனை பொம்மர் என்று எண்ணிச் சொல்ல வாசலில் நின்று மேலே பார்த்தான். இரண்டு என்று கத்தினான். அதற்குப் பிறகு அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை. மேலே இருந்தவனுக்கு அவன் மூக்கைத் துடைத்தது தெரிந்திருக்க நியாயமில்லை. இதை நோர்வேஜிய மொழியில் நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொற்கள் குறைவாகத்தான் தேவைப்பட்டன.

"அண்டைக்கு நீங்கள் போட்டிட்டு வந்தியளே, அங்கை கீழை எத்தினை பேருக்குத் தடிமன் இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

கோப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் கோபிப்பார், முறைப்பாடு கொடுப்பார், வேலை போகும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

"போட்டிட்டுத் திரும்பினா, முன்னாலை இருக்கிற ஆறு பேருக்கும் வெறும் வானம்தான் தெரியும்" என்றார் கடைசியில். "வாலிலை இருக்கிறவனுக்குத்தான் எரியிறது தெரியும். அரை மணித்தியாலம் தெரியும். நல்லா எரிஞ்சா அதுக்கும் மேலை. நான் கண்ணை எடுக்கேல்லை. எடுக்கக் கூடாது, அதுதான் என்ரை வேலை."

"கப்டன் கேக்கேல்லையோ?"

"அவர் பிளேன் வருகுதோ எண்டுதான் கேப்பார். நெருப்பைக் கேக்கிறேல்லை."

கடற்கரையில் அவர் போட்ட சத்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். மன்னிக்க நான் யார்? செத்த நகரம் என்னுடையதல்ல. ஆனால் கோபத்தைப் பிடித்து வைத்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"எழுதுறன்" என்றேன். "ஆனா நெருப்பையும் எழுதோணும். தடிமன்காரனை மட்டும் எழுதிப்போட்டு நல்ல பிள்ளையாய் இருக்க ஏலாது."

ஆறிய கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுது" என்றார்.

கப்டன் ஆங்கிலேயர், கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். என் ஆங்கிலம் யாழ்ப்பாணத்துக் கொன்வென்ட் ஆங்கிலம். கடிதம் என்றால் எப்படித் தொடங்க வேண்டும் என்று கன்னியாஸ்திரிகள் பிரம்போடு படிப்பித்தது. அதன்படி, கடவுளின் கிருபையால் நான் பூரண நலம், தங்கள் நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு எங்கை நலம்?" என்றார். "கடவுளுக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கமில்லை."

"அது அப்பிடித்தான். முதல்லை நலம் எழுதோணும்."

"பொய்யெண்டாலுமோ?"

"பொய்யெண்டாலும்."

"பொய் சொன்னதைச் சொல்லுற கடிதத்தைப் பொய்யிலை தொடங்கிறாய். சரி, நீயே கப்டன்."

மூன்று பின்னேரம் எழுதினோம். வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தாளில் பிரதி எடுத்தேன். மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. தினமும் தபால் வந்ததா என்று கேட்பார். நத்தார் அட்டை வரும் காலம் வந்தது, அட்டை வரவில்லை. எழுபது வருடத்தில் முதல் தடவை. "கோபம்" என்றார். அடுத்த நாள், "செத்திட்டார், வாசிக்காமலே செத்திட்டார்" என்றார். எது அதிகப் பயம் என்று அவருக்கே தெரியவில்லை. சாப்பாடு குறைந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஏன் எழுத வைத்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன், அதிலும் அந்த நெருப்பை. மலரக்கா அவருக்கென்று தனியாக இஞ்சி போட்டுக் கோழி சூப்பு வைத்து அனுப்பினார். கடிதத்தின் கதை மலரக்காவுக்குத் தெரியாது. "பொம்மர்க்காரன் மெலியுறான்" என்றார்.

தை மாதக் கடைசியில் கடிதம் வந்தது. பெரிய பெரிய எழுத்து, கோணல் மாணல் வரி, கப்டனின் சொந்தக் கை. கதவைச் சாத்திவிட்டு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். ஓர் இடத்தில் வாசிப்பு எனக்கே தடக்கியது. கப்டன் எழுதியிருந்தார்:

"கடவுள் கிருபையால் நலம் என்று நீ எழுதியதைப் பார்த்தவுடன் உனக்கு உடம்பு மோசம் என்று விளங்கிவிட்டது. கடிதத்தின் தலையில் நீ வரைந்திருக்கும் படம் மிகச் சரி. அவன் நமக்குக் கீழே வந்து, அப்படித்தான் ஒரு வளைவு வளைந்து, வலப்பக்கமாக நேரே போனான். கீழே இருக்கும் இரண்டு சின்னக் கோடு நீயும் நானும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஓம், நான் அவனைப் பார்த்தேன். அவன் விட்டுவிட்டுப் போகும்போதுதான் என் கண்ணில் பட்டான். வாலில் இருக்கிறவன் ஒருவரும் இல்லை என்கிறான் என்றால் ஒருவரும் இல்லைதான் என்று முடிவு செய்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். மற்றவர்களுக்கும் சொல்லவில்லை. உன்னை வெட்கப்படுத்தக் கூடாது என்றுதான் உனக்கும் எழுதாமல் இருந்தேன்."

"என்ன படம்?" என்றார் அவர். "நான் படம் ஒண்டும் கீறச் சொல்லேல்லையே?"

எனக்கும் விளங்கவில்லை. கைப்பையில் கிடந்த முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். தலையில், நடுவில், ஒரு வளைவு. அதிலிருந்து வலப்பக்கம் நீளும் ஒரு கோடு. கீழே இரண்டு சின்னக் கீறு.

"ஐயோ பிள்ளையாரே!"

பிள்ளையார் சுழி. கடைக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் என் கை முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கும். நல்ல தாளிலும் போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியவில்லை. இது எங்கள் யானைமுகக் கடவுளின் அடையாளம், எழுதத் தொடங்கும்போது போடுவது என்று அவருக்கு விளக்கினேன்.

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் கண்டது அன்றுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபோது கோபம் வந்துவிட்டது. "அறுவான்! அவருக்குத் தெரியும்! எழுபது வருஷம் இதைச் சுமந்தன், அந்தாளுக்குத் தெரியும்!" என்று கட்டில் சட்டத்தில் குத்தினார். பிறகு அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கும் கண் நிறைந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"மிச்சத்தை வாசி" என்றார்.

மிச்சம் மூன்று வரிதான். "நெருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை."

அவர் கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி, பார்வை தெரியாத கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பங்குனியில் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோப்பி குடிக்கக் கீழே போன நேரம், தன்னை நாற்காலியில் இருத்தச் சொன்னார். இருத்தக் கூடாதுதான். இருத்தினேன். கம்பளியால் சுற்றி, ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி, நடைவழியில் இழுத்துக்கொண்டு நடந்தேன். ஞாயிறு என்றபடியால் ஒரு சனம் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

மூலை திரும்பும்போது வழக்கம்போலக் கேட்டேன். "பின்னாலை ஆரும் வருகினமோ?"

பதில் வரவில்லை. நின்று திரும்பப் போனேன்.

"ஓம்" என்றார். குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாக இருந்தது. "ஒருத்தன் வாறான். மூக்கைத் துடைச்சுக்கொண்டு வாறான். நீ நட."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவன் கூடவே வரும்படி, கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.